நண்பர்களோடு குதிரையேற்றம்: ஏரிக்கரையா, பயிற்சிப் பள்ளியா, பங்குக் குதிரையா?

நண்பர்கள் நால்வர் சேர்ந்து குதிரையேற வேண்டும் என்று முடிவு செய்தால், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நான்கு வழிகள் தென்படுகின்றன: மலையூரின் ஏரிக்கரையில் வாடகைக் குதிரை, நகரத்துப் பயிற்சிப் பள்ளி, லாயத்தில் நிற்கும் ஒரு குதிரையின் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு, ராஜஸ்தானில் ஒரு வாரச் சவாரிப் பயணம். பணத்தையும் தொலைவையும் வைத்து இவற்றை ஒப்பிடுவது எளிது. குதிரைக்கும் ஏறுகிறவருக்கும் இடையே நம்பிக்கை வளர எந்த வழி இடம் தருகிறது என்று கேட்டால் வரிசை வேறாகிவிடுகிறது.

முதலில், குழுவாகச் சவாரி போவதில் இருக்கும் ஒரு மயக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். குதிரை கூட்டமாக வாழ்வது, ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்புவது. முன்னால் போகும் குதிரை நடந்தால் பின்னால் வருவதும் நடக்கும், அது ஓடினால் இதுவும் ஓடும். நண்பர்கள் வரிசையாகப் போகையில் தம் குதிரை தம் கைக்கும் காலுக்கும் கட்டுப்படுகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். குதிரையோ முன்னால் அசையும் வாலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். கூட்டத்தை விட்டு ஐம்பது அடி தனியே அதைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னால்தான் உண்மை நிலை தெரியும்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அங்கே வாடகைக் குதிரையில் போகிறவர் பெரும்பாலும் சுமையாகவே போகிறார், ஏனெனில் கயிறு குதிரைக்காரர் கையில் இருக்கும், வழி குதிரைக்கே மனப்பாடம். அந்தக் குதிரைக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. அது கூடவே நடக்கும் அந்த மனிதரிடம் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் நமக்குப் பயம் வருகிறதா என்று அறிந்துகொள்ள இந்தச் சுற்றுப் போதும். சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா, விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுவது நல்லது.

பயிற்சிப் பள்ளி வேறு தரம். உட்காரும் முறை, சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் பாதம் வைக்கும் அளவு, கடிவாளத்தை இழுக்காமல் பிடிப்பது, தலைக்கவசம் ஆகியவற்றில் இதற்கு மாற்றே கிடையாது. நான்கு கால்களும் தனித்தனியே ஊன்றும் நடையிலிருந்து இரண்டு தாளத்தில் குலுக்கும் ட்ராட் என்ற மெல்லோட்டத்துக்கும், அதிலிருந்து மூன்று தாளத்தில் போகும் கேண்டர் என்ற அடுத்த வேகத்துக்கும் பயிற்றுநர் ஒருவரின் கண்முன் போவதே பாதுகாப்பு. ஆயினும் இங்கும் இரண்டு குறைகள் உண்டு. வகுப்புக்கு வகுப்பு குதிரை மாறிக்கொண்டே இருக்கும் என்பது ஒன்று. மற்றொன்று கொஞ்சம் வேடிக்கையானது: பல ஆண்டுகள் பள்ளியில் உழைத்த குதிரை, பயிற்றுநர் 'ட்ராட்' என்று சொன்னதுமே ஓடத் தொடங்கிவிடும்; மேலே இருப்பவர் தம் காலால் சொன்னதைக் கேட்டே அது ஓடியது என்று மகிழ்ந்துகொள்வார்.

நம் நாட்டுப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகளும் உண்டு என்பதை நண்பர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கடிவாளம் இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓடப் பந்தயக் குதிரை பழகியிருக்கும். பயந்துபோன புதியவர் இரு கைகளாலும் இழுத்துப் பிடித்தால், நிற்கச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கையில் குதிரை விரையலாம். ஒரே குதிரையை ஒதுக்கித் தருவார்களா, வகுப்புக்கு அரைமணி நேரம் முன்னதாக வந்து அதைத் தேய்த்துச் சேணம் பூட்ட விடுவார்களா என்ற இரு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்லும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணத்தை அடுத்துப் பேசிக்கொள்ளலாம்.

பங்குக் குதிரைதான் என் கணக்கில் முதலிடம். அதில்தான் சிக்கலும் அதிகம். தீவனம், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம், குடற்புழு மருந்து, மருத்துவர் எனச் செலவுகள் நிற்காமல் வரும். நால்வரில் ஒருவர் தவணையில் பின்வாங்கினால் நட்பே ஆட்டம் காணும். எடைக்கணக்கும் உண்டு. ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. சேணத்தின் எடையைக் கழித்தால் நண்பர்களில் ஒருவர் ஏற முடியாமலே போகலாம், அதை நாகரிகமாக எடுத்துச் சொல்லும் பொறுப்பை யாரும் விரும்பி ஏற்பதில்லை.

அப்படியிருந்தும் இதை முதலில் வைப்பதற்குக் காரணம், ஒருவர் ஏறியிருக்கும்போது மற்ற மூவரும் தரையில் நிற்க நேர்வதுதான். நம்பிக்கை பெரும்பாலும் தரையில்தான் உண்டாகிறது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் அதற்குப் பார்வை இல்லை. ஆகவே தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். முகத்தில் தட்டிக் கொடுப்பதைவிட, பிடரி முடிந்து தோள்களுக்கு நடுவே மேடாக இருக்கும் இடத்தைச் சொறிந்துவிடுவது மேல்: குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துவிடும் இடம் அது, அங்கே சொறிந்தால் அவற்றின் இதயத்துடிப்பு குறைவதை 1993இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

நால்வர் நான்கு விதமாக நடந்துகொண்டால் இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். பெர்லினில் 'புத்திசாலி ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னதாக ஊரே வியந்தது. கேட்பவரின் தலையில் தெரிந்த நுண்ணிய அசைவைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்தியது என்பதை உளவியலாளர் ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் 1907இல் விளக்கினார். அவ்வளவு கூர்ந்து பார்க்கும் விலங்கிடம், ஒருவர் அது ஓர் அடி பின்வாங்கியதும் கயிற்றைத் தளர்த்த, மற்றொருவர் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால், எது சரியென்று அதற்கு எப்படித் தெரியும்? குதிரை கேட்டபடி செய்த அந்தக் கணமே அழுத்தத்தை விட வேண்டும் என்பதை நால்வரும் ஒரே பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கையிலிருந்து வெல்லம் ஊட்டிப் பழக்கினால், விரலைக் கடிக்கும் பழக்கத்துக்கு மற்ற மூவரும் விலை கொடுப்பார்கள்.

ராஜஸ்தான் பயணத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். உள்வளைந்த காது நுனிகள் கொண்ட மார்வாரிக் குதிரையில், அதுவும் பல நாட்கள் ஒரே குதிரையில், குளிர்காலத்தில் கிராமப் பாதைகளில் போவது நண்பர்கள் சேர்ந்து அனுபவிக்கத் தக்கது. தினமும் பல மணி நேரம் சேணத்தில் இருக்க உடல் பழகியிருக்க வேண்டும், கேண்டரில் தடுமாறாமல் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். ஏரிக்கரைச் சுற்று ஒன்றை நம்பி இதற்குப் பதிவு செய்வது அபத்தம்.

எனவே நான் சொல்லும் வரிசை இது: பள்ளியில் ஆறு மாதம் ஒரே குதிரை, பிறகு நால்வருக்குப் பதில் இருவர் மட்டும் சேர்ந்து ஒரு பங்குக் குதிரை, மாதம் ஒருமுறை எல்லோரும் கூடி வெளியே சவாரி. அந்தக் கூட்டுச் சவாரியில் குதிரைகளுக்கு இடையே ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விட வேண்டும், குழுவில் மிகவும் புதியவரின் வேகமே எல்லோருக்கும் வேகம், கடைசி ஆள் ஏறி முடிக்கும்வரை யாரும் நகரக்கூடாது. திரும்பி வரும் வழியில், திறந்த இடம் கிடைத்தால், ஒவ்வொருவரும் முறை வைத்துத் தம் குதிரையை வரிசையிலிருந்து விலக்கி ஐம்பது அடி தனியே நடத்திப் பார்க்கலாம். கனைத்துத் திரும்பாமல், காதுகளில் ஒன்றை மேலே இருப்பவர் பக்கம் திருப்பியபடி எந்தக் குதிரை நடக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.