சைக்கிளில் அடிபட்டால் எந்த வழி? ஸ்டேஷன் பேச்சு, டிரிபியூனல், லோக் அதாலத்

என் சித்தப்பா காலை நாலரைக்கு எழுந்து, சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேனை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர். 2023 ஆடியில் ஒரு நாள், வேலூருக்கு வெளியே பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ இடித்துத் தள்ளியது. கேன் நசுங்கி, பால் ரோட்டில் ஓடியதைத்தான் அவர் இன்றும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். முட்டி வீங்கியிருந்ததை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பேசினார்கள். "பெரியவரே, கேஸு கோர்ட்டுனு எத்தினி வருஷம் அலைஞ்சிக்கினு இருப்ப? வாங்கிக்கினு போய் உடம்பப் பாரு" என்றார் ஒருவர். 12,000 ரூபாய் கைமாறியது. "எனக்கு யார் மீதும் புகார் இல்லை" என்று ஒரு வெள்ளைத்தாளில் யாரோ எழுத, சித்தப்பா கையெழுத்துப் போட்டார்.

முட்டி ஜவ்வு கிழிந்திருப்பது ஸ்கேனில் தெரிய மூன்று மாதம் ஆனது. ஆபரேஷனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவு. அப்புறம்தான் நான் ஒவ்வொரு படியாக ஏறி, அடிபட்ட சைக்கிள்காரருக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று விசாரித்தேன். அதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லை, அதனால் நமக்கு எதுவும் கிடைக்காது என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை. எந்த மோட்டார் வண்டி இடித்தாலும் சைக்கிள்காரர் அந்த வண்டிக்கு மூன்றாம் நபர். ஒவ்வொரு வண்டியும் கட்டாயம் போட வேண்டிய தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இவரைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. ஆட்டோக்காரருக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தாலும், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி டிரிபியூனல், அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கிற தீர்ப்பாயம், உத்தரவிட முடியும்.

ஸ்டேஷனில் பேசி முடிப்பது

இதன் பலம் ஒன்றுதான்: பணம் அன்றைக்கே கைக்கு வரும். தினக்கூலிக்கு அது சின்ன விஷயம் இல்லை. மறுநாள் அடுப்பு எரிய வேண்டும் என்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். சிராய்ப்பு, சைக்கிள் ரிம் வளைந்தது என்ற அளவில் இருந்தால் இதுவே போதும்.

ஆனால் முட்டி, தலை, இடுப்பு, தோள்பட்டை இவற்றில் அடி என்றால் முதல் நாளே பேசி முடிப்பதைப் போல ஆபத்து வேறில்லை. அந்த வெள்ளைத்தாள் மட்டும் சட்ட உரிமையை அடியோடு அழித்துவிடாது. அதோடு சேர்ந்து வருகிறவைதான் அழிக்கும். எஃப்.ஐ.ஆர். இருக்காது, புகார் வந்தது என்று ஸ்டேஷனில் தருகிற வெறும் சி.எஸ்.ஆர். ரசீது இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. சித்தப்பா அன்று போன ஆஸ்பத்திரியில், போலீஸ் தொல்லை வேண்டாம் என்று, "நானே விழுந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் அதே வரிதான் இருந்தது: சைக்கிளிலிருந்து தானாகத் தவறி விழுந்தவர். அந்த ஒரு வரியை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஆட்டோவின் நம்பர் ப்ளேட்டைவிட இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்குப் பிடித்தது அந்த வரிதான்.

டிரிபியூனல்: 166-ஆம் பிரிவா, 164-ஆம் பிரிவா

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. 2019-இல் திருத்தி, இழப்பீட்டுப் பகுதியை 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அடிபட்டவர் முன்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன.

164-ஆம் பிரிவில் யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். வண்டி இடித்தது, கொடுங்காயம் ஏற்பட்டது, அவ்வளவுதான். எலும்பு முறிவு கொடுங்காயக் கணக்கில் வரும். தொகை 2.5 லட்சம், உயிர் போயிருந்தால் 5 லட்சம். பேரம் கிடையாது, கூடுதலும் கிடையாது.

166-இல் ஓட்டியவரின் கவனக்குறைவை நாம் காட்ட வேண்டும். பதிலுக்கு, நடந்த நஷ்டம் முழுவதையும் கேட்கலாம்: மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், வலி, உடன் இருந்து பார்த்துக்கொண்டவரின் கூலி, இனிமேல் குறையப்போகும் சம்பாத்தியம். எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கணக்குப் போட்டே பார்ப்போம். வயது 42, மாதம் 12,000 சம்பாதிக்கிற காய்கறிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்கிற அந்த வயதுக்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 25 சதவீதம் சேர்ப்பார்கள், 15,000 ஆகும். ஆண்டுக்கு 1,80,000. எத்தனை ஆண்டு வருமானம் என்று கணக்கிட அந்த வயதுக்கு வைத்திருக்கிற பெருக்கல் எண் 14, பெருக்கினால் 25,20,000. காயத்தால் தொழில் செய்யும் திறன் 20 சதவீதம் குறைந்தது என்று டிரிபியூனல் ஏற்றுக்கொண்டால், அந்தத் தலைப்பில் மட்டும் 5,04,000 ரூபாய். ஆஸ்பத்திரி பில், வலி, இழந்த கூலியெல்லாம் இதற்கு மேல். வட்டி தனி, நம் தமிழ்நாட்டு டிரிபியூனல்களில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள்.

"சம்பளச் சீட்டு இல்லையே" என்று தயங்க வேண்டாம். ஒரு காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், ரசீது எதுவும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொண்டது. இலவம்பாடியிலிருந்து முள்ளுக்கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் கட்டி வருகிறவருக்கு எந்தக் கம்பெனி சம்பளச் சீட்டு கொடுக்கும்? மார்க்கெட்டில் கடைக்காரரின் சாட்சியும், பால்காரருக்கு சொசைட்டி பால் அட்டையும் போதிய பலம்.

அப்படியானால் 164 யாருக்கு? நம் மேலும் தப்பு இருக்கிறவர்களுக்கு. சர்வீஸ் ரோட்டில் சுரங்கப்பாதை வரை போய்த் திரும்ப அலுப்புப்பட்டு எதிர்த்திசையில் மிதித்து வருவது நம் ஊரில் தினசரிக் காட்சி. இருட்டில் விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் போவதும் அப்படித்தான். 166-இல் போனால் கம்பெனி வக்கீல் இதைத்தான் பிடிப்பார். பங்குத்தவறு என்று சொல்லி ஒரு சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். கழித்த பிறகும் 2.5 லட்சத்துக்கு மேல் வருமா என்று கேளுங்கள். வராது என்றால் 164 நல்லது. எலும்பு நன்றாகக் கூடி, ஊனம் எதுவும் நிற்காதவருக்கும் அதுவே சுலபம். ஒரு எச்சரிக்கை: 164-இன்படி கம்பெனி தருவதை ஏற்றுக்கொண்டால் 166-இல் போட்ட மனு காலாவதி ஆகிவிடும். இரண்டையும் வாங்க முடியாது.

166-க்குக் கெடு ஆறு மாதம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள்தான். அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. வாலாஜா பக்கம் அடிபட்டாலும், குடியிருப்பது காட்பாடி என்றால் வேலூரிலேயே போடலாம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இந்தக் குழப்பம் பலருக்கு இருக்கிறது.

லோக் அதாலத்

இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்தான் லோக் அதாலத். இதை டிரிபியூனலுக்கு எதிரி என்று நினைக்கிறார்கள். எனக்கென்னவோ இது டிரிபியூனல் பாதையிலேயே நடுவில் வருகிற ஒரு நிறுத்தம் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் தெருவில் ஷூ கம்பெனிக்குச் சைக்கிளில் போய் வந்த ஒரு அக்காவை பைக் இடித்து, மணிக்கட்டு முறிந்தது. அவர் எஃப்.ஐ.ஆர். போட வைத்தார், 166-இல் எம்.சி.ஓ.பி. என்கிற இழப்பீட்டு மனு போட்டார், மெடிக்கல் போர்டிடம் ஊனச் சான்றிதழ் வாங்கினார். அதற்குப் பிறகுதான் லோக் அதாலத்தில் உட்கார்ந்தார். கம்பெனி அதிகாரி முதலில் சொன்ன தொகைக்கு, "இந்தக் கையால லெதர் புடிச்சித் தைக்க முடியல சார்" என்று கையை மேசை மேல் வைத்துக் காட்டினார். 3,10,000 ரூபாய்க்கு முடிந்தது. கடைசி வரை வழக்கு நடத்தியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் லோக் அதாலத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை. கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் இழுத்தடிக்க முடியாது. அவருக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

அதே அப்பீல் இல்லாத தன்மை நமக்கும் கத்திதான். ஊனச் சான்றிதழ் கையில் இல்லாமல் அங்கே உட்காரவே கூடாது. கட்டுப் பிரித்த வாரத்திலேயே பேசினால், காயம் என்ன விலை என்று நமக்கே தெரியாமல் விலை பேசுகிறோம்.

இன்னொரு நேரத்திலும் லோக் அதாலத் முந்திக்கொள்கிறது. இடித்த பைக்குக்கு இன்ஷூரன்ஸே இல்லை, ஓட்டியவரும் நம்மைப் போலவே கஷ்டப்படுகிறவர் என்று வையுங்கள். டிரிபியூனல் தீர்ப்பு வாங்கி, கலெக்டர் மூலம் நில வரி பாக்கி மாதிரி வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் இல்லாதவரிடம் எதை வசூலிப்பது? அப்போது வழக்குக்கு முந்தைய மனுவாகச் இலவச சட்ட உதவி தருகிற சட்டப்பணிகள் குழுவிடம் கொடுத்து, தவணையில் தர ஒப்புக்கொள்ள வைப்பது மேல். ஸ்டேஷன் வெள்ளைத்தாளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது: இது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், தவணை தவறினால் நிறைவேற்ற மனுப் போடலாம்.

வக்கீல்: சொந்தமா, இலவசமா

ஆஸ்பத்திரி வாசலிலேயே கார்டு நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "ஒரு பைசா தர வேணாம், வர்றதுல இத்தன சதவீதம்" என்பார்கள். வருகிற தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. வெற்றுத் தாளிலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இலவச சட்ட உதவிக்கு, சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போனில் 15100. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சைக்கிளில் பிழைப்பு நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள். அந்த அக்காவுக்கு வக்கீல் கிடைத்தது இப்படித்தான். கை கால் முறிவுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். தலைக்காயம், முதுகுத்தண்டு, உயிரிழப்பு என்று தொகை பெரிதாகிற வழக்கில், மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த, எம்.சி.ஓ.பி. மட்டுமே வருஷக்கணக்காக நடத்துகிற வக்கீலுக்குக் கட்டணம் கொடுப்பது வீண் இல்லை.

இடித்தது எது என்றே தெரியாவிட்டால்

விடியற்காலையில் சென்னை-பெங்களூரு ரோட்டில் லாரி தட்டிவிட்டுப் போய்விடும், நம்பர் தெரியாது. அதற்கும் 161-ஆம் பிரிவு இருக்கிறது: கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். 2022-க்கு முன் இது 12,500-உம் 25,000-உம்தான். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, இதற்கென்று நியமித்த வருவாய்த்துறை அதிகாரியிடம் மனு. தொகை குறைவுதான். பிறகு வண்டி சிக்கி முழு இழப்பீடு வந்தால் இதைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் டோல்கேட், பெட்ரோல் பங்க், டீக்கடை கேமராக்களை முதல் இரண்டு நாளிலேயே பார்க்கச் சொல்லிப் போலீசிடம் எழுதிக் கொடுங்கள்.

சிகிச்சைப் பணம் வேறு கணக்கு. அதற்காக யாரும் ஸ்டேஷன் பேரத்துக்கு இறங்க வேண்டியதில்லை. தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-இல் மத்திய அரசும் ஏழு நாளுக்கு 1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் கொண்டுவந்தது. பேங்க் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு இருந்து, உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால், டிரிபியூனல் பணம் போக அதையும் தனியாகக் கேட்கலாம்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம். எஃப்.ஐ.ஆர். தாமதமானதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சைக்கிளை மட்டும் ரிப்பேருக்கு விடாதீர்கள். வளைந்த பின்சக்கரமும், நசுங்கிய மட்கார்டில் ஒட்டியிருக்கும் ஆட்டோவின் மஞ்சள் பெயின்டும் பின்னாலிருந்து இடித்ததற்குச் சாட்சி சொல்லும். நாங்கள் மறுவாரமே புதுச் சக்கரம் போட்டுவிட்டோம்.

சித்தப்பா இப்போது பால் ஊற்றுவதில்லை. போன மாதம் அவரோடு பால் ஊற்றிய ஒருவரை வேன் இடித்தபோது, நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். டியூட்டி டாக்டர் பக்கத்தில் நின்று, வேன் நம்பரைச் சொல்லி, ஏ.ஆரில் அது எழுதப்படும் வரை அங்கிருந்து நகரவில்லையாம்.