பச்சை இலையா, உதிர்ந்த இலையா?

முதுமலைக் காட்டில் யார் யாரைத் தின்பது என்ற கணக்கு எளிது. புல்லைப் புள்ளிமான் தின்னும், மானைப் புலி தின்னும். ஒவ்வொரு படியிலும் சுமார் 10 சதவீத ஆற்றல்தான் மேலே போகும். மீதி உடல் வெப்பமாகவும், சாணமாகவும், தின்னாமல் விட்டதாகவும் கழிந்துவிடும். மான் கூட்டத்துக்கு முன் புலிகள் சொற்பமாக இருப்பது அதனால்தான்.

பிச்சாவரத்தில் கதையே வேறு. கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களின் இலையைப் பச்சையாகத் தின்பவை குறைவு; பெரும்பகுதி உதிர்ந்து சேற்றில் விழும். நண்டு அதைக் கவ்வி வளைக்குள் இழுத்துப் போகும். பாக்டீரியாவும் பூஞ்சையும் படர்ந்து ஊறிய அந்த மக்கிய இலைத்தூளைத்தான் இறாலும் மடவை மீனும் மேயும். அப்புறம் அவற்றைக் கொக்கு தின்னும்.

பாடப்புத்தகம் புலியைத்தான் படம் போட்டுக் காட்டும். எனக்கென்னவோ உதிர்ந்த இலையில் தொடங்கும் சேற்று வழிதான் பெரிதாகப் படுகிறது. முதுமலையிலேயே தீக்கும் மான் வாய்க்கும் தப்பிய புல் கரையானுக்கும் பூஞ்சைக்கும்தானே போகிறது!