குடும்ப வன்முறைத் துறையில் முதுநிலைப் பட்டயம்: படித்து முடித்த பிறகு களத்தில் எது நின்றது

கிருஷ்ணகிரியில் பெண்களுக்கான ஒரு ஆலோசனை மையத்தில் கேஸ் ஒர்க்கராக இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்து வேலைக்கு வந்து சில வருடம் கழித்து, குடும்ப வன்முறை வழக்குகளைக் கையாளுகிறவர்களுக்கென்றே நடத்தப்படும் ஓராண்டு முதுநிலைப் பட்டயத்தில் சேர்ந்தேன். வார நாட்களில் இரவு ஆன்லைன் வகுப்பு, இடையிடையே பெங்களூரில் நேரடி வகுப்பு. என்னுடன் படித்தவர்களில் ஸ்டாஃப் நர்ஸ்கள், வக்கீல்கள், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், பள்ளி ஆலோசகர்கள் இருந்தார்கள். முடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சேரலாமா என்று கேட்கிறவர்களுக்காக, சான்றிதழ் கையில் வந்த பிறகு எனக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன்.

இன்றும் வாரா வாரம் பயன்படுவது ஆபத்து மதிப்பீடு, அதாவது ஒரு பெண் கணவன் கையால் கொல்லப்படும் அபாயம் எவ்வளவு என்று கணிப்பது. அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் பேராசிரியர் 1980களில் உருவாக்கிய முறை அது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய இருபது கேள்விகள் உண்டு. கேள்விகளுக்கு முன்னால் ஒரு காலண்டரை வைத்து, போன ஒரு வருடத்தில் அடி விழுந்த நாட்களைக் குறிக்கச் சொல்ல வேண்டும். நான் எங்கள் மையத்துச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரையே கழற்றி வைத்துவிடுவேன். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, தேதி ஞாபகமில்லை என்றுதான் ஆரம்பித்தார். ஆடிப் பதினெட்டு, ஊர்த் திருவிழா, ரேஷன் வாங்கிய நாள், மாங்கூழ் ஃபேக்டரியில் சம்பளம் போட்ட நாள் என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாகச் சொல்லச் சொல்ல, பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். ஆடியில் இரண்டு புள்ளி. தைக்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று. பங்குனிப் பக்கத்தைப் புரட்டியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இவ்வளவா மேடம்?” என்றார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கே தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவரே முடிவெடுத்தார்.

அந்தக் கேள்விகளில் ஒன்று கழுத்தை நெரித்தது பற்றியது. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. “கழுத்தைப் பிடிச்சான்” என்று பெண்கள் போகிற போக்கில் சொல்லுவார்கள். புகார் எழுதும் இடத்தில் அது ‘தாக்கினார்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விடும். ஆனால் கணவனால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அவன் கையாலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். குரல் கரகரப்பு, எச்சில் விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் தன்னையறியாமல் சிறுநீர் போயிருப்பது, இதையெல்லாம் கேட்டால்தான் தெரியும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். அதனால் இப்போது இப்படி யார் சொன்னாலும் முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் அப்புறம்தான். இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டிய பணம் வீண்போகவில்லை என்பேன்.

அடுத்து சட்டம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 2006இல் வந்த அதன் விதிகளை வரி வரியாகப் படிக்க வைத்தார்கள். அதில் ஐந்தாம் படிவம் என்று ஒன்று இருக்கிறது, பாதுகாப்புத் திட்டத்துக்கானது. பெண் எதை நினைத்துப் பயப்படுகிறார், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுதக் கட்டம் போட்டே கொடுத்திருக்கிறார்கள். நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் முதல் படிவமான குடும்ப நிகழ்வு அறிக்கையோடு நின்றுவிடாமல் இதையும் நிரப்பினால் கேஸ் எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எந்தப் பக்கத்து வீட்டில் இருக்கும், ராத்திரி ஓட வேண்டி வந்தால் எந்த வழி, பெண்கள் உதவி எண் 181க்கு யார் போனிலிருந்து பேசுவது என்பதுவரை எழுதிவிடுகிறோம். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம் என்பதும் அங்கே படித்ததே.

அந்த விதிகளில் 14ஆம் விதியும் அப்படித்தான். நம் ஊரில் ஆலோசனை என்றால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, ‘நீயும் கொஞ்சம் விட்டுக்கொடும்மா’ என்று சேர்த்து அனுப்புவது. விதியோ, ஆலோசனையில் எதிர்மனுதாரர் தான் அடித்ததற்கு நியாயம் சொல்லவே கூடாது என்கிறது, அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ‘சோறு நேரத்துக்குப் போடல, அதான்’ என்று ஆரம்பிக்கிற இடத்திலேயே இதைக் காட்டி நிறுத்த முடிகிறது. பஞ்சாயத்துப் பேச வந்த பெரியவர்களும் அச்சடித்த விதியைப் பார்த்தால் ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள்.

எங்கள் மாவட்டம் எல்லையில் இருப்பதால் சட்டத்தின் 27ஆம் பிரிவு எனக்கு ரொம்ப முக்கியம். ஆனேக்கலில் கட்டிக்கொடுத்த பெண் அடி தாங்காமல் தேன்கனிக்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறார். ‘கர்நாடகா கேஸ், அங்கேயே போங்க’ என்று திருப்பி அனுப்பினால் அவர் திரும்பவும் அந்த ஊருக்குள் கால் வைக்க வேண்டும். தேவையில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் எந்த மாஜிஸ்திரேட் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே மனு கொடுக்கலாம். அங்கே கிடைக்கும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். அதேபோல, வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்பதற்காக மருமகளின் குடியிருப்பு உரிமை இல்லாமல் போய்விடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் வகுப்பில் படித்தோம். வகுப்புக்கு வந்த வக்கீல்களே அன்றைக்கு நோட்டு எடுத்தார்கள்.

குறைகளும் இருக்கின்றன. பாடம் முழுக்க ஆங்கிலம். தமிழில் ஒரு கையேடுகூடத் தரவில்லை. மினசோட்டாவின் டுலூத் நகரத்தில் 1984இல் வரைந்த அதிகார - கட்டுப்பாட்டுச் சக்கரம், அதாவது கணவன் மனைவியை எந்தெந்த வழிகளில் அடக்கி வைக்கிறான் என்று காட்டும் வட்டப் படம், நல்ல கருவிதான், ஆனால் அதில் கணவன் ஒருவன் மட்டுமே இருக்கிறான். ஊத்தங்கரையிலும் பர்கூரிலும் நான் பார்க்கும் வீடுகளில் மாமியார், நாத்தனார், மச்சினர், சாதிக்காரப் பெரியவர்கள் எல்லாரும் உண்டு. சம்பளம் வரும் ஏடிஎம் கார்டு மாமனார் சட்டைப்பையில் இருக்கும். அந்தச் சக்கரத்தை இதற்கெல்லாம் ஏற்றபடி நானே திருத்தி வரைந்து வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஓட்டை குழந்தைத் திருமணம். அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கர்ப்பமாக ஒரு பெண் வந்தால் அது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு. அதன் 19ஆம் பிரிவுப்படி போலீஸுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுப்பார்கள் என்று தெரிந்தால் அடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்கே கூட்டி வர மாட்டார்கள். இந்தச் சிக்கலுக்கு ஒரு முழுப் பருவமே ஒதுக்கியிருக்க வேண்டும். ஒரு மாலை நேரத்தில் முடித்துவிட்டார்கள். அறுபது நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டம் சொல்வதைப் பாடமாக நடத்தினார்கள். வாய்தா மேல் வாய்தா விழும்போது என்ன செய்வது என்று நடத்தவில்லை. முதல் நாளே அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்டுவிட வேண்டும் என்பதை நான் கற்றது எங்கள் ஊர் வக்கீல் அக்கா ஒருவரிடம்.

களப்பயிற்சி பெயரளவுக்குத்தான் நடந்தது. மேற்பார்வையாளர் என் அறிக்கைகளுக்குப் பருவம் முடிந்த பிறகே பதில் போட்டார். மும்பை பாந்த்ராவில் பாபா மருத்துவமனைக்குள்ளேயே இயங்கும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான தில்லாசா மையத்தைப் பற்றி அவ்வளவு அருமையாகப் பாடம் எடுத்துவிட்டு, அப்படியொரு இடத்தில் ஒரு வாரம் உட்கார வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்த வேலை பார்க்கிறவர்களின் மனச்சோர்வு பற்றி ஒரு பாடம் உண்டு, நன்றாகவே இருந்தது. ஆனால் அதைக் கடைப்பிடிக்க அலுவலகம் ஒத்துழைக்க வேண்டும். நாங்கள் மாதம் ஒருமுறை கேஸ்களை வைத்து எங்களுக்குள் பேச ஆரம்பித்தது அந்தப் பாடத்தால்தான். ஓசூர் பக்கத்துத் தோழிகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசும் பெண்களிடம் அந்த இருபது கேள்விகளை எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான்.

சம்பள உயர்வுக்காகச் சேருவதென்றால் வேண்டாம், எனக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வேலைக்குப் புதியவர்கள் ஒரு வருடமாவது களத்தில் இருந்துவிட்டு வந்தால் பாடம் பிடிபடும். அவசரப் பிரிவு நர்ஸ்களும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இருப்பவர்களும் கண்டிப்பாகப் படிக்கலாம், கழுத்து நெரிப்பு பற்றிய அந்தப் பாடம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான். பணம் கட்டும் முன் களப்பயிற்சி எந்த இடத்தில், மேற்பார்வையாளர் யார், அவர் இப்போதும் கேஸ் பார்க்கிறாரா, தேர்வைத் தமிழில் எழுதலாமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.