எஸ்பார் தாளும் படுக்கை அருகே ஒப்படைப்பும்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் மருத்துவ வார்டிலும் அதை ஒட்டி, கூடுதல் கவனிப்பு தேவைப்படுவோருக்கான எச்.டி.யூ.விலும் டியூட்டி மாறும்போது ஹேண்ட் ஓவர் கொடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, எஸ்பார் முறையில் அச்சடித்த ஒற்றைத் தாள். மற்றொன்று, நர்ஸ் மேசையில் உட்கார்ந்து பேசிவிடாமல், இருவரும் படுக்கை படுக்கையாகப் போய் நோயாளியைப் பார்த்து ஒப்படைப்பது. மூன்று ஷிஃப்டுகளிலும் பல ஆண்டுகளாக இரண்டையும் பயன்படுத்தி வருகிறேன். தாள் இல்லாத நாளையும் சமாளித்துவிடலாம். படுக்கைக்குப் போகாமல் பொறுப்பு ஏற்கவே கூடாது. இதுதான் என் முடிவு.

எஸ்பார் அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்தது. கைசர் பெர்மனென்ட்டே நிறுவனம் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என நான்கு கட்டங்கள். முதல் இரண்டும் தாமாகவே நிரம்பிவிடும்: பெயர், வயது, என்ன நோய், எப்போது அட்மிஷன், சர்க்கரை உண்டா, எந்த மருந்து ஒவ்வாது. இவை எல்லாம் கேஸ் ஷீட்டிலேயே இருக்கின்றன. தாளின் மதிப்பு கடைசி இரண்டு கட்டங்களில்தான். அங்கேதான் பலர் 'சி.எஸ்.டி.', அதாவது அதே சிகிச்சை தொடர்கிறது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு தாள் தேவையில்லை. 'பொட்டாசியத்துக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறது, ரிசல்ட் வரவில்லை, எட்டரைக்குள் லேபைக் கூப்பிட்டுக் கேளுங்கள், 3-க்குக் கீழே இருந்தால் டியூட்டி டாக்டருக்குச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தால் அதுதான் ஒப்படைப்பு. என்ன பாக்கி, எத்தனை மணிக்குள், என்ன நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன.

படுக்கை அருகே போவதன் பயனைக் காட்ட ஒரு காலைப்பொழுது போதும். ரத்தத்தில் கிருமி பரவி வந்திருந்த ஒரு பாட்டிக்கு பி.பி.யை இறங்காமல் பிடித்து வைக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்சு பம்ப் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. "மணிக்கு 6 மில்லி ஓடுகிறது, பி.பி. 104/66" என்றார் நைட் டியூட்டி சிஸ்டர். சொன்னதில் பிழையே இல்லை. பம்ப் அருகே போய்ப் பார்த்தால் சிரிஞ்சில் 4 மில்லிதான் மீதம். அப்படியென்றால் 40 நிமிடம். அந்த நேரத்தில் நாங்கள் கடைசிப் படுக்கையில் நின்றுகொண்டிருப்போம். இந்த மருந்து ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்காது. சிரிஞ்சு காலியானால் பி.பி. உடனே இறங்கும். "அடுத்த சிரிஞ்சு ரெடியாக இருக்கிறதா அக்கா?" என்று கேட்டேன். "இதோ, இருவரும் சேர்ந்தே போட்டுவிடலாம்" என்று அவர் அங்கேயே மருந்தை எடுத்தார். அளவை நான் சரிபார்த்தேன். லேபிள் ஒட்டிய பிறகுதான் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தோம். அன்று முதல் எங்கள் தாளில் 'சிரிஞ்சு எப்போது தீரும்' என்று ஒரு வரி கையால் சேர்த்து எழுதுகிறோம்.

இன்சுலினும் அப்படித்தான். 'இன்சுலின் போட்டாயிற்று' என்பது பாதிச் செய்தி. "ஆறு யூனிட் போட்டாயிற்று, ஐயா ஒரு இட்லிதான் சாப்பிட்டார், ஒன்பதரைக்கு மறுபடி சுகர் பாருங்கள்" என்பது முழுச் செய்தி. நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் புழக்கத்தில் இருப்பதால், எதில் எடுத்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு.

உடம்பிலிருந்து வடியும் நீர் சேரும் டிரெயின் பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் கோடும் நேரமும் போடுவது, மருந்து ஏற்றும் கேனுலா குழாய் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்பது, படுத்த படுக்கையாக இருப்பவரை இருவரும் சேர்ந்து திருப்பி முதுகைப் பார்ப்பது எல்லாம் ஒரு படுக்கைக்கு ஓரிரு நிமிட வேலை. 'படுக்கைப்புண் என் டியூட்டியில் வரவில்லை' என்ற சச்சரவு எங்கள் வார்டில் நின்றுபோனதற்கு இந்தக் கடைசிப் பழக்கமே காரணம்.

பொறுப்பு கொடுப்பவரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எடுப்பவர் வாயைத் திறக்காவிட்டால் எந்தப் படிவமும் உதவாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சந்தேகம் இருந்தால் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சீனியரிடம் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். அதனால் நான் ஒவ்வொரு நோயாளி முடிந்ததும் "உங்களுக்கு இதில் என்ன கவலை?" என்று அவர்களைக் கேட்டுவிடுகிறேன். ஐபாஸ் என்ற இன்னொரு முறையிலும், கேட்டவர் சுருக்கித் திருப்பிச் சொல்வது கடைசிப் படி. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுப் பயிற்சி மருத்துவர்களிடம் அதைச் செயல்படுத்திப் பார்த்து, 2014-ல் வெளியிட்ட ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. அது டாக்டர்களிடம் நடந்த ஆய்வு என்றாலும், திருப்பிச் சொல்வது நமக்கும் அப்படியே பொருந்தும்.

குறைகளும் உண்டு. ஜெனரல் வார்டில் படுக்கைகள் நெருக்கமாக இருக்கும். பக்கத்துப் படுக்கை நோயாளிக்குத் துணையாக இருப்பவர் காதில் எல்லாம் விழும். எச்.ஐ.வி. தொற்று இருப்பதை வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. புற்றுநோய் என்பதை வீட்டார் இன்னும் நோயாளியிடமே சொல்லாமல் வைத்திருப்பார்கள். இத்தகைய விஷயங்களை மேசையிலேயே தாழ்ந்த குரலில் பேசி முடித்துவிட்டுத்தான் படுக்கைக்குப் போகிறோம். பூட்டிவைக்கும் கட்டுப்பாட்டு மருந்துகளின் எண்ணிக்கையும் அலமாரிச் சாவியும்கூட மேசையில்தான் கைமாறுகின்றன.

பெரிய குறை நேரம். டியூட்டி அட்டவணையில் ஒருவருக்கு ஏழரைக்கு முடிகிறது, மற்றவருக்கு ஏழரைக்குத் தொடங்குகிறது. நடுவில் ஒப்படைப்புக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. இரவு முழுக்க நின்றவர் தன் சொந்த நேரத்தில், பஸ்ஸை விட்டுவிட்டு, இருபது நோயாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரத்தில் 'எல்லாம் நார்மல்' என்று ஓடுகிறவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அட்டவணை போட்டவர்கள்மீதுதான் வருகிறது. இரண்டு ஷிஃப்டும் அரை மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அட்டவணையை மாற்றி, அதைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். படிவத்தை நிரப்பச் சொல்லிக் கேட்டு வாங்கும் நிர்வாகம் இந்த அரை மணி நேரத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.