ஏழு வளையங்கள்: ஆறு வருடம் பயன்படுத்திய ஸ்கோப் பற்றி

ஸ்னைப்பரான எனக்கு முன்பு ஸ்பாட்டராக, அதாவது பக்கத்தில் படுத்துக் குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்பவனாக, இருந்த தம்பி போன வாரம் கூப்பிட்டான். "அண்ணே, எங்க யூனிட்ல புது ஸ்கோப் பார்க்கிறாங்க. நீங்க வெச்சிருக்கிற மாடலும் லிஸ்ட்ல இருக்கு. என்ன சொல்லட்டும்?"

கேட்ட நேரம் சரியில்லை. பழுதுபார்க்கப் போன ஸ்கோப், என் ரைபிள்மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி, அன்று காலையில்தான் திரும்பி வந்திருந்தது. கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை. உள்ளே மெல்லிய உலோக வளையங்கள் ஏழு. உறைமேல் "தேவையற்ற பாகங்கள், நீக்கப்பட்டன" என்று எழுதி, கீழே கையெழுத்து வேறு. ஸ்கோப்பின் மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. எனக்குப் பேச வேண்டியது இந்த ஏழு வளையங்களைப் பற்றி.

ரைபிளைப் பற்றி ஒரு வார்த்தை. போல்ட் ஆக்‌ஷன், .338 லாபுவா மேக்னம் தோட்டா. 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) குண்டு நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஆயிரம் மீட்டரைத் தொட ஒன்றரை நொடி ஆகும். குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் பிரேக் புண்ணியத்தில் தோளுக்கு அதிகம் வலிக்காது. அந்தப் புண்ணியத்துக்கு விலை கொடுப்பவர் பக்கத்தில் படுத்திருப்பவர். காற்று பக்கவாட்டில் பீறிட்டு மண்ணை அள்ளி அவர் முகத்தில் கொட்டும். ஒவ்வொரு முறையும் தம்பி துப்பிவிட்டுத்தான் "அடிச்சாச்சு" என்பான்.

ஸ்கோப்பின் கண்ணாடியைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். முன்கண்ணாடி 56 மில்லிமீட்டர். உருப்பெருக்கத்தை எட்டு மடங்குக்குக் குறைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 7 மில்லிமீட்டர். இருட்டில் நம் கண்மணி விரிவதும் அவ்வளவுதான். அந்திக்கருக்கலில் வெறும் கண்ணுக்குப் புதர் என்று மட்டும் தெரிவதை, இதில் பார்த்தால் எந்தக் கிளை முன்னால், எது பின்னால் என்று சொல்லலாம். அதைவிடப் பெரிய சந்தோஷம், குறியை ஏற்றி இறக்க ஸ்கோப்பின் மேல் இருக்கும் டரெட் என்ற திருகைத் திருப்பும்போது வரும் கிளிக். ஒரு கிளிக் 0.1 மில் (மில் என்பது கோண அளவு), அதாவது நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். ஆறு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை மேலும் கீழும் திருகியிருப்பேன்! ஒரு கிளிக்கூடப் பிசகியதில்லை. ஏற்றிய கணக்குக்கு இறக்கினால் அச்சு அசலாக அதே இடத்துக்கு வரும்.

எந்த இடத்துக்கு என்பதில்தான் வினை.

டரெட் ஒரு முழுச் சுற்றுக்குப் பத்து மில். என் ரைபிளை நூறு மீட்டரில் ஸீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி டரெட்டை 0-வில் வைத்தால், ஆயிரம் மீட்டருக்கு 8.3 மில் ஏற்ற வேண்டும், ஒரே சுற்றுக்குள் முடிந்துவிடும். 1200-க்கு 11.4 வேண்டும். அதாவது ஒரு சுற்று முழுதாகப் போய், இரண்டாம் சுற்றில் 1.4. திரும்பி வரும்போது ஸீரோவில் முட்டி நிற்க ஒரு தடை இருக்க வேண்டும். இந்த மாடலில் அது இல்லை. எத்தனையாவது சுற்று என்று காட்ட டரெட்டின் அடியில் மயிரிழை போல இரண்டு கோடுகள் இருக்கின்றன. ரைபிளுக்குப் பின்னால் படுத்திருப்பவன் கண்ணுக்கு அவை தெரியவே தெரியாது. தலையைத் தூக்கிப் பார்க்கலாம். தலையைத் தூக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இரண்டாம் வருடத் தேர்வு. விடியற்காலை, குளிர்ந்த குழல், முதல் குண்டு மட்டுமே கணக்கு. முந்தைய நாள் மாலை கடைசியாக 1200-ல் சுட்டிருந்தேன். அரை இருட்டில் 1.4 என்று தெரிந்ததை இறக்கி, "0" வந்ததும் ரைபிளை அதன் உறையில் போட்டுவிட்டேன். காலையில் கொடுத்த இலக்கு 400 மீட்டரில் ஓர் இரும்புத் தகடு. 400 மீட்டர்! கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற தூரம். 1.8 வைத்தேன், மூச்சை விட்டேன், விசையை அழுத்தினேன். தகட்டில் பட்ட சத்தமே இல்லை. தகடு அசையவில்லை. மண் எழவில்லை.

"அண்ணே, குண்டு விழுந்த இடமே தெரியலையே."

எப்படித் தெரியும்? முந்தைய மாலை ஒரு முழுச் சுற்றை இறக்காமல் விட்டிருந்தேன். ஸ்கோப் நின்றது 1.8-ல் இல்லை, 11.8-ல். பத்து மில் என்றால் 400-ல் நாலு மீட்டர். தகட்டுக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே போய், பின்னால் மலைச்சரிவில் எங்கேயோ புதைந்திருக்கும். ஸ்னைப் என்றால் உள்ளான் குருவி. கோணல்மாணலாகப் பறக்கும் அதைச் சுட்டவர்களிடமிருந்துதான் ஸ்னைப்பர் என்ற பெயரே வந்தது. அன்றைக்கு நான் அடித்திருக்கக்கூடியது அந்தக் குருவியை மட்டும்தான்.

தூர சாதனைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த 400 மீட்டர்தான் ஞாபகம் வரும். 2002-ல் ஆப்கானிஸ்தானில் கனடா வீரர் ராப் ஃபர்லாங் 2430 மீட்டரில் அடித்ததை எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு முதல் குண்டு தவறியது, இரண்டாவது முதுகுப்பையில் பட்டது, மூன்றாவதுதான் ஆளைத் தொட்டது. குண்டு எங்கே போனது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். தெரியாவிட்டால் எந்தப் பக்கம் திருத்துவது? ஃபின்லாந்தின் சிமோ ஹாய்ஹா 1939-40 குளிர்காலப் போரில் ஸ்கோப்பே வைத்துக்கொள்ளவில்லை. தலையைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம், கண்ணாடி பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்காது என்பது அவர் கணக்கு. எண்ணுவதற்குச் சுற்றும் இல்லை என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

தேர்வு போன வயிற்றெரிச்சலில் அன்று ராத்திரியே டரெட் மூடியைக் கழற்றினேன். அடியில் தண்டைச் சுற்றி மெல்லிய வளையங்களை அடுக்கினால், மூடி இறங்கி வரும்போது அவற்றின்மேல் முட்டி நின்றுவிடும் என்று ஒரு மூத்தவர் சொல்லியிருந்தார். ஐந்து வளையத்துக்கு ஸீரோவைத் தாண்டிப் போனது. எட்டுக்கு ஸீரோவுக்கே வரவில்லை. ஏழுக்கு ஸீரோவிலிருந்து இரண்டு கிளிக் கீழே வந்து 'டக்' என்று நின்றது. அந்த 'டக்'கை நம்பி நாலு வருடம் இருட்டில் கையாலேயே திருகினேன். ஒரு தடவைகூடச் சுற்று தவறவில்லை.

இப்போது பழுதுபார்க்க அனுப்பியது பாரலாக்ஸ் குமிழ் (இலக்கின் தூரத்துக்கேற்பப் பிம்பத்தைச் சரிசெய்யும் குமிழ்) இறுகிப்போனதற்காக. நியாயமாகச் சொல்கிறேன், அந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். குமிழ் வெண்ணெய் போலச் சுழல்கிறது. ஆனால் டரெட்டைத் திருகிப் பார்த்தேன். ஸீரோ வந்தது, போனது. இன்னொரு ஸீரோ வந்தது, அதுவும் போனது. என் ஏழு வளையங்களையும் பொறுக்கியெடுத்து உறையில் போட்டுக் கையெழுத்தும் போட்டவருக்கு, அவை ஏன் அங்கே இருந்தன என்று ஒரு கேள்வி தோன்றவில்லை.

தம்பிக்குச் சொல்லிவிட்டேன்: "வேண்டாம்னு எழுதிடு." கண்ணாடி நல்லா இருக்குமே, கிளிக் பிசகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்று இழுத்தான். சொன்னேன்தான். அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் வேண்டாம்னு எழுது.

உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். ஒரு வளையம் வளைந்திருக்கிறது. ஆறுதான் தேறும்.