மருத்துவக் காப்பீடு எடுப்போர் கவனத்திற்கு: வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கு யார் பணம் தருவார்கள்?

பெங்களூரு அல்சூரில் எங்களுடன் வசிக்கும் என் தந்தைக்குச் சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனைக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்திவிட்டது. அதில் எங்களுக்குக் குறையில்லை. மருந்துச் செலவில்தான் ஏமாற்றப்பட்டோம்.

பாலிசியை விற்ற முகவரும் தமிழர். “மாத்திரை, மருந்து எல்லாமே கவர் ஆகிடும் சார், கவலையே படாதீங்க” என்று அப்பாவிடம் உறுதி கூறியிருந்தார். பாலிசி ஆவணத்திலோ, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள்களுக்கும் வீடு திரும்பிய பின் 60 நாள்களுக்கும், அதுவும் சேர்க்கப்பட்ட அதே நோய்க்கான செலவுக்கு மட்டுமே பணம் உண்டு என்று இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை ஓராண்டுக்கு நிறுத்தவே கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால் மூன்று மாதத்துக்குச் சேர்த்தே வாங்கினோம். நிறுவனம் 60 நாளுக்கு உரியதை மட்டும் கணக்கிட்டுத் தந்தது. இன்சுலின் ரசீதுகளை, சர்க்கரை நோய் வேறு நோய் என்று கூறி முற்றிலும் நிராகரித்தது. முகவர் இப்போது எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவரிடம் இப்படிப் பேசி விற்பது பெரும் அநியாயம்.

புறநோயாளி மருந்துகளுக்குத் தனிப் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் ஓபிடி இணைப்பு உண்டு. அதற்கும் ஆண்டு உச்சவரம்பு இருக்கும். புற்றுநோய்க்கு வாயால் உட்கொள்ளும் கீமோதெரபியை விலக்கக் கூடாது என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையம் 2019இல் நெறிப்படுத்தியிருந்தாலும், அதற்கு வரம்பு வைக்க நிறுவனங்களுக்கு இடமிருக்கிறது என்பதையும் குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, மாதாந்திர மாத்திரைகளின் பெயர்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்குப் பணம் கிடைக்குமா என்று நிறுவனத்திடமே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். முகவரின் வாய்ப்பேச்சைப் பின்னர் நிரூபிப்பது கடினம். பாலிசியுடன் வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் விலக்குகள் சுருக்கமாக இருக்கும். ஒத்துவராவிட்டால், ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். ஏற்கெனவே சிக்கியவர்கள் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் அளியுங்கள். அவர் நிராகரித்தாலோ 30 நாளில் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள், பெங்களூரில் என்றால் ஜே.பி. நகரிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. இன்சுலின் ரசீதுகளுக்கு அங்கே வழி பிறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஏனெனில் விதியே அப்படித்தான் இருக்கிறது. பொய் சொல்லி விற்றதைப் பற்றிய புகாரை மட்டும் விடுவதாக இல்லை.