மீன் தொட்டிக்கு மர மூடி செய்யக் குடுத்து 14,500 ரூபாய் போச்சுங்க, ஈரோடு பக்கம் இருக்கறவங்க பாத்துக்குங்க

கடுப்புல எழுதறேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 14,500 ரூபாய்ங்க. ஒரு மூடிக்கு.

என்ற ஊட்ல நாலடி தொட்டி, அகலமும் ஒசரமும் ஒன்றரை அடி, ரொப்புனா 250 லிட்டர் பக்கம் புடிக்கும். கீழ இருக்கற ஸ்டேண்டு தேக்கு, கோபியில ஒரு ஆசாரி செஞ்சு குடுத்தது, இன்னைக்கு வரைக்கும் ஒரு அசைவு இல்ல. மேல வெறும் கண்ணாடியும் லைட்டும் பல்லிளிச்சுட்டு இருந்துச்சு, அதே கலர்ல முன்பக்கம் தூக்கற கதவு வெச்சு, உள்ள எல்இடி மாட்டி ஒரு கேனோபி, அதாவது பொட்டியாட்டம் மர மூடி செஞ்சா சோடியா இருக்குமேன்னு ஆசை. ஆசாரிக்கு வயசாயிப்போச்சு, இப்ப வேலை எடுக்கறதில்லை. அதனால ரீல்ஸ் போட்டே ஆர்டர் புடிக்கற ஒரு மரவேலைப் பட்டறைக்குப் போனேன்.

அங்க ஒரு பக்கெட்டு தண்ணிக்குள்ள பிளைவுட் துண்டு ஒண்ணு கெடந்துச்சு. ஓனர் அதை எடுத்து வேட்டியில தொடச்சு என்ற கையில குடுத்து, "மூணு மாசமா ஊறுதுங்ண்ணா, ஒரு ஏடு விட்டிருக்கான்னு பாருங்க, மெரைன் பிளைவுட்டு, உங்களுக்கும் இதேதான்"ங்கறாரு. தடவிப் பாத்தா கல்லாட்டம் இருக்குது. யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அங்கயே நின்னு 10,000 போன்ல அனுப்பிவிட்டேன். ஊட்டுக்கு வந்து தொட்டி மேலயே டேப்பு வெச்சு அளந்தாரு, பாலிஷ் கலர் பாக்கோணும்னு ஸ்டேண்டுக் கதவு ஒண்ணையும் கழட்டி எடுத்துட்டுப் போனாரு.

மூடி வந்தப்ப கலர் அச்சு அசலா இருந்துச்சுங்க, அதைப் பொய் சொல்லக்கூடாது. மீதி 4,500ம் குடுத்துப்போட்டேன். ஸ்டேண்டுக் கதவு நாளைக்கு வருதுன்னாங்க.

ரெண்டு வாரம் தாங்கல. தொட்டித் தண்ணி ராத்திரி பகலா ஆவியாயி மேல ஏறி மூடிக்குள்ள துளித்துளியா நிக்குமில்ல, அதுல ஓரமெல்லாம் உப்பி, மேல ஒட்டுன தேக்கு வெனீர் (மெல்லிசு மரத்தோலு) கொப்புளம் கட்டி, முன்கதவு தொறக்கவே மாட்டேங்குது. அடிச்சிருந்தது இரும்பு ஆணி, துருத் தண்ணி தொட்டிக்குள்ள சொட்டுது. ஒரு நாள் லைட்டு புடிச்சிருந்த ஸ்க்ரூ ஊறிப்போன மரத்துல இருந்து கழண்டு, எல்இடி ஒத்த வயர்ல தண்ணிக்கு மேல தொங்குது, கரண்டோட! பொண்ணு அப்பத்தான் தீனி போடப் போனா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு.

உள்பக்கம் அடிச்சிருந்த வெள்ளைப் பெயிண்டச் சொரண்டிப் பாத்தா பிளைவுட் தர முத்திரை இருக்குது, ஐ.எஸ். 303, எம்.ஆர்.னு, அதாவது ஈரம் ஓரளவுக்கு மட்டும் தாங்கற ரகம். காஞ்ச எடத்துல அலமாரி அடிக்கறதுக்கு ஆகும், அந்தப் பசை ஓயாத ஈரத்துக்கு நிக்காது. மெரைன்னா ஐ.எஸ். 710னு இருக்கோணும். பக்கெட்டுல ஊறுனது ஒண்ணு, எனக்கு அடிச்சது ஒண்ணு.

போன் போட்டா மொதல்ல "தண்ணிய மேல ஊத்தியிருப்பீங்க". அப்புறம் "ஆளுங்க ஊருக்குப் போயிருக்காங்க". அப்புறம் "ஆடி முடியட்டும்". போட்டோ அனுப்புனா ப்ளூ டிக் மட்டும் உளுகுது. நேர்ல போயி நின்னா அவர் சொன்னதுதான் உச்சம்: "மீன் தொட்டிக்குன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே". யோவ், தொட்டி மேல ஏறி அளந்தது யாரு? 14,500 வாங்கிப்போட்டு பேசற பேச்சா இது? கதவும் இன்னும் வரல, ஸ்டேண்டு ஓட்டையா நிக்குது, பில்டர் பைப்பெல்லாம் வெளிய தெரியுது.

எப்படிச் செய்யோணும்னு வெவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியலீங்க. அறுக்கறதுக்கு முன்னாடியே பிளைவுட் பலகையில 710 முத்திரையக் கண்ணுல பாருங்க. உள்பக்கத்தையும் அறுத்த ஓரத்தையும் பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடிச்சு மூடச் சொல்லுங்க, பின்பக்கம் காத்துப் போக எடம் விடச் சொல்லுங்க. கீலு, ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ்தான். பில்லுல "மெரைன், மீன் தொட்டிக்கு"ன்னு எழுதி வாங்குங்க. சாம்பிளுக்குன்னு எந்தக் கதவையும் கழட்டிக் குடுக்காதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு இப்பத்தான் பேசினேன், புகார் நம்பர் குடுத்திருக்காங்க. பணம் வந்தாலும் வராட்டியும் இங்கயே சொல்றேன்.